மலைநாட்டு வேதக்காரர்

கிறிஸ்தவரை ‘வேதக்காரர்’ என்று சொல்வது திருநெல்வேலிச் சீமையின் பழைய வழக்கு. அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களோடு அந்தச் சொல்லும் கண்டி மலைகளில் ஏறியது. அதில் ஓரளவு மரியாதை உண்டு. ‘இவர் நம்மவர் அல்லர்’ என்று விலக்கி நிறுத்தும் தொனியும் உண்டு. கும்பிடும் சாமியை மாற்றிக்கொண்டு, ஊர்த் திருவிழாவில் ஒதுங்கி நின்று, நோயாளியைத் தொட்டுத் தூக்கி, தனக்கு ஒரு லாபமும் இல்லாத வேலையைத் தலையில் போட்டுக்கொள்பவரை அயலார் வியப்போடு பார்த்தார்கள். பல வேளை ஏளனமாகவும் பார்த்தார்கள். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் திருமுகத்திலேயே இந்தப் பார்வைக்கு ஒரு பெயர் இருக்கிறது. சிலுவையைப் பற்றிய செய்தியை உலகம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று சொல்லும் இடத்தில், பழைய புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பு ‘பைத்தியம்’ என்றும் இன்றைய கத்தோலிக்க வழக்கு ‘மடமை’ என்றும் அதைக் குறிக்கின்றன. சிவனையே பித்தன் என்று உரிமையோடு அழைத்த சுந்தரரை அறிந்த தமிழருக்கு, பக்தியும் பித்தும் அடுத்தடுத்து நிற்பது புதிதன்று. ஆனால் கண்டி இராச்சியத்தில் இந்தப் பித்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை சிறையும் நாடுகடத்தலுமாக இருந்தது.

கண்டியில் கத்தோலிக்க விசுவாசத்தின் தொடர்ச்சியான கதை தொடங்குவது ஒல்லாந்தர் காலத்தில். 1658இல் யாழ்ப்பாணம் விழுந்ததோடு போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் முடிந்தது. புதிதாக வந்த ஒல்லாந்தர் கால்வினியப் புரொட்டஸ்டன்டர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டு கட்டளை பிறப்பித்தார்கள். குருமார் வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் ஒல்லாந்தர் சபையின் கைக்குப் போயின. திருமணமும் பிள்ளையின் ஞானஸ்நானமும் அந்தச் சபையின் பதிவேட்டில் ஏறினால்தான் செல்லும், உத்தியோகமும் சொத்துரிமையும் அதைச் சார்ந்தே கிடைக்கும் என்ற நிலை வந்தது. கடலோரத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழ்ந்தார்கள். சில குடும்பங்கள் மலையேறிக் கண்டி அரசனிடம் தஞ்சம் புகுந்தன. மாத்தளைப் பக்கத்து வஹாகோட்டையில் குடியேறிய போர்த்துக்கேய வழியினர் அவ்வாறு தங்கியவர்களே. குரு இல்லை, பூசை இல்லை. தலைமுறை ஒன்று கடந்தபோது செபங்களும் பாதி மறந்திருந்தன.

இந்தச் செய்தி கோவாவில் ஓர் இளங்குருவின் காதில் விழுந்தது. யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் பெனோலிம் என்ற ஊரில், கொங்கணிப் பிராமண வழியில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1676இல் குருவானார். மறு ஆண்டு, தம்மை மரியன்னையின் அடிமையாக ஒப்புக்கொடுக்கும் சாசனம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. எவ்வளவு கற்றாலும் உள்ளூர்க் குரு இரண்டாம் தரமாகவே நடத்தப்பட்டார். எனவே கோவாவின் இந்தியக் குருக்கள் சிலர் தங்களுக்கென ஒரு சமூகத்தை அமைத்தனர். 1685இல் வாஸ் அதில் சேர்ந்து அதன் தலைவரானார். ஓரட்டோரியர் எனப்பட்ட அந்தச் சமூகம் பின்னர் ஒன்றரை நூற்றாண்டு இலங்கைக் கத்தோலிக்கரைத் தாங்கி நின்றது. ஐரோப்பிய அரசின் துணையோ ஐரோப்பியக் குருவோ இல்லாமல், ஆசியர் ஆசியருக்காக நடத்திய மறைப்பணி அது. இந்தப் பெருமை இன்றும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

1686இல் வாஸ் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தலைமைப் பதவி, உறவு, பிராமண வழிவந்த மரியாதை எல்லாவற்றையும் விட்டு, மேற்குக் கரையோரமாகத் தெற்கே வந்து தூத்துக்குடியை அடைந்தார். உடன் வந்தவர் யோவான் என்ற பணியாள். குருத்துவமோ பட்டமோ இல்லாத இந்த மனிதரை வரலாறு பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுகிறது. ஆனால் அகப்பட்டிருந்தால் அவருக்கும் அதே கதிதான். 1687இல் இருவரும் கூலியாட்கள் தோற்றத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, வாஸ் கடும் வயிற்றுப்போக்கால் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார். தொற்றுக்கு அஞ்சியவர்கள் அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஒரு பெண் இரங்கிக் கொடுத்த உணவால் உயிர் மீண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

தேறிய பிறகு வாஸ் வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். கழுத்தில் செபமாலை வெளியே தெரியும்படி தொங்கியது. கத்தோலிக்கர் யார் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத ஊரில் அந்த மாலையே கேள்வி. அதைக் கண்டு முகம் மாறியவர்களின் கண்ணே பதில். இப்படித்தான் ஒளிந்திருந்த குடும்பங்களை அவர் கண்டுபிடித்தார். பின்பு சில்லாலையில் தங்கி, இரவில் பூசை வைத்து, விடியுமுன் வேறு வீட்டுக்கு மாறினார். சில ஆண்டுகளில் செய்தி கசிந்தது. கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தர் சுற்றி வளைத்துப் பலரைப் பிடித்துக் கசையடி கொடுத்தார்கள். குருவோ தப்பிவிட்டார். அந்தப் பிடியிலிருந்து அவர் போனது புத்தளத்துக்கு. அது கண்டி அரசனின் எல்லை. ஒல்லாந்தரின் கட்டளை அங்கே செல்லாது.

1692இல் வாஸ் கண்டித் தலைநகரை அடைந்தார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவன், ஆனால் பிற சமயத்தாரைத் துரத்தும் குணமில்லாதவன். வந்தவரைப் பற்றி முதல் குற்றச்சாட்டு ஒரு கிறிஸ்தவனிடமிருந்தே எழுந்தது. லானெரோல் என்ற பிரெஞ்சுக்காரர் 1672இல் தூதுக்குழுவோடு வந்து, கண்டியில் தடுத்து வைக்கப்பட்டு, அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்தார். கால்வினியரான அவர், வந்திருப்பது போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசனிடம் சொன்னார். நம்புவதற்கு எளிதான குற்றச்சாட்டுதான். படித்த, போர்த்துக்கேய மொழி பேசும் ஒருவன் பிச்சைக்காரன் கோலத்தில் மலையேறி வருவதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆதாயம் இல்லாமல் ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வருவான் என்பதுதான் அந்த அவைக்குப் புரியாத விஷயம். வாஸ் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறை அவருக்குப் பள்ளிக்கூடமானது. தமிழை முன்பே பழகியிருந்தவர் இப்போது சிங்களம் கற்றார். காவல் தளரத் தளர, வளாகத்துக்குள்ளேயே ஓலைக் கொட்டகை ஒன்றைப் போட்டு அதைக் கோயிலாக்கினார். நகரத்துக் கத்தோலிக்கர் அஞ்சி அஞ்சி வரத் தொடங்கினார்கள். அவரைக் கவனித்துக்கொண்டிருந்த அரசன், தீங்கில்லாத சாது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்தக் காலத்தைச் சேர்ந்தது மழை அற்புதம். கடும் வறட்சி ஒன்றில், மற்ற வழிபாடுகள் பலிக்காத பின் அரசன் வாஸிடம் செபிக்கக் கேட்டான் என்றும், அவர் வெளியில் பீடம் அமைத்துச் சிலுவை நாட்டி முழந்தாளிட்டபோது மழை கொட்டியது என்றும், அவர் இருந்த இடம் மட்டும் நனையவில்லை என்றும் கத்தோலிக்க மரபு சொல்கிறது. அவர் வரலாற்றை விரிவாக எழுதிய கோவா ஓரட்டோரியர் செபஸ்தியாவோ தோ ரேகோவின் நூல் 1745இல் லிஸ்பனில் அச்சானது. புனிதரின் புகழ் பாட எழுதிய நூல் என்பதை மனத்தில் கொண்டே அதைப் படிக்க வேண்டும். ஆனால் ஒன்று உறுதி. இதற்குப் பின் வாஸுக்குக் கண்டியில் நடமாடவும் போதிக்கவும் அரச அனுமதி கிடைத்தது. ஒல்லாந்தரின் கீழ் மறைந்து வாழ்ந்த கடலோரக் கத்தோலிக்கருக்கு, ஒரு பௌத்த அரசனின் தலைநகர் புகலிடமானது.

மழையைவிடப் பெரியது 1697இல் நடந்தது. கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் அவையும் நகரை விட்டு விலகினர். வசதியுள்ளவர்கள் ஓடினார்கள். அம்மை கண்டவரை வீட்டில் வைத்திருக்க அஞ்சிக் காட்டோரத்தில் கொண்டுபோய் விடுவதும், இறந்தவரை அப்படியே போட்டுவிடுவதும் நடந்தது. இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மருந்தே இல்லாத நோய்க்கு முன்னால் அச்சம்தான் மக்களுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. இந்த நேரத்தில் வாஸும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் முறையான யோசப் கார்வாலியோ என்ற குருவும் நகரத்திலேயே தங்கினார்கள். கைவிடப்பட்ட வீடுகளையும் கொட்டகைகளையும் மருத்துவமனையாக்கினார்கள். புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், செத்தவர்களுக்குக் குழி வெட்டினார்கள். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை.

பிராமண வழியில் வந்த ஒருவர் பிணத்தைத் தூக்குவதும் புண்ணைத் தொடுவதும் அந்தக் காலத்தின் கண்ணுக்கு எவ்வளவு அருவருப்பாகப் பட்டிருக்கும் என்பதை இன்று முழுதாக உணர்வது கடினம். சாதி விதித்த ஒழுங்கும் தீட்டின் இலக்கணமும் ஒரே சமயத்தில் கவிழ்ந்தன. வாதத்தால் ஒருவரையும் வெல்ல முடியாத இடத்தில் இந்தச் செயல் பேசியது. ஒற்றன் என்ற பழைய சந்தேகத்துக்கும் விடை அதில் இருந்தது. எந்த ஒற்றனும் அம்மை வார்த்த ஊரில் தங்கமாட்டான்.

பதவி தேடி வந்தபோதும் வாஸ் அதே வகையில் நடந்துகொண்டார். பாப்பரசரின் தூதராக இந்தியாவுக்கு வந்த மெயார் தெ தூர்னோன், இலங்கைக்கு ஆயர் நிலையில் ஒருவரை அமர்த்த விரும்பி வாஸைக் கருதினார். வாஸ் மறுத்துவிட்டார். ஆட்கள்தான் அவருக்கு வேண்டியிருந்தார்கள். அவர்களும் கோவாவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்களில் ஒப்பற்றவர் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றி, கத்தோலிக்கச் சிங்கள இலக்கியத்துக்கே அடித்தளம் போட்டவர். தவக்காலத்தில் வடபகுதிக் கோயில்களில் இன்றும் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது.

குரு ஆண்டுக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்க முடியாத ஊர்களுக்கு வாஸும் அவர் தோழர்களும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு ஒரு மூப்பரை நியமித்துக் கோயிலையும் பொதுக் காரியங்களையும் ஒப்படைத்தார்கள். செபம் சொல்லிக்கொடுக்க அண்ணாவி ஒருவர். ஞாயிறன்று மக்களைக் கூட்டுவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, சாகக்கிடப்பவருக்கு அருகில் இருப்பது எல்லாம் இந்தப் பொதுநிலையினரின் கையில் இருந்தன. கூத்துக்கும் பள்ளிக்கும் ஆசானைக் குறித்த ‘அண்ணாவி’ என்ற தமிழ்ச் சொல் சிங்களக் கத்தோலிக்கரின் பேச்சிலும் ஏறிவிட்டது. சம்பளம் இல்லாத இந்த வேலையை ஒல்லாந்தர் பகுதியில் செய்தவர்கள் பிடிபட்டால் அபராதம், அடி, சிறை. பெயர் தெரியாத அந்த அண்ணாவிமார் இல்லாவிட்டால் வாஸின் உழைப்பு அவர் உயிரோடேயே முடிந்திருக்கும்.

1711 ஜனவரி 16ஆம் நாள் வாஸ் கண்டியில் இறந்தார். அப்போது ஆண்ட நரேந்திரசிங்கன் தந்தையைப் போலவே குருக்களைப் பொறுத்துக்கொண்டவன். அவனுக்குப் பின் நாயக்க வழியினர் அரியணை ஏறியதும் நிலை மாறியது. 1740களில் ஸ்ரீ விஜயராஜசிங்கன் காலத்தில் கண்டிக் கோயில் அழிக்கப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வாஸின் கல்லறையும் அந்தக் குழப்பத்தில் தொலைந்தது. அது இருந்த சரியான இடம் இன்றுவரை தெரியவில்லை.

கண்டி 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு மலைநாட்டுக் கிறிஸ்தவத்தின் இரண்டாம் அத்தியாயம் கோப்பியோடு வந்தது. காடு வெட்டித் தோட்டம் போட ஆள் வேண்டும். மன்னார்ப் பக்கம் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்த தமிழகத்துக் கூலிகளில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானவர் ஏராளம். வந்தவர்களில் பெரும்பாலோர் சைவரும் அம்மன் வழிபாட்டினரும். ஆனால் திருநெல்வேலியிலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் வந்த சிலர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அவர்களுக்குக் கோயிலும் இல்லை, கேட்பாரும் இல்லை.

சர்ச் மிஷனரி சங்கம் 1854இல் இவர்களுக்காகத் தொடங்கிய பணிக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர். அந்தப் பெயரே காலத்தின் மனப்போக்கைக் காட்டுகிறது. தோட்டத் துரைமார் சிலர் பணம் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டார்கள். அங்கே முன்பு பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் முதல் மேற்பார்வையாளரானார். துரை பணம் கொடுக்கும் மிஷன் துரையின் பக்கம் சாயாமல் இருப்பது கடினம். அடிப்படைக் கூலியையும், ஆள் சேர்த்து மேற்பார்க்கும் கங்காணியின் கடனையும் பற்றி அது உரத்துப் பேசியதில்லை. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பணியின் பாரத்தைச் சுமந்தவர் உபதேசியார். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அட்டை கடிக்கும் மலைப்பாதையில் அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். மாலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் விளக்கை வைத்து வேதம் வாசிப்பார். கேட்டவர்கள் சிலர். சிரித்தவர்கள் பலர்.

மலைநாட்டு நாவலப்பிட்டி ஊராகப் பெருகியது இந்தத் தோட்டங்களால்தான். மகாவலிக் கரையில் கிடந்த சிறிய இடத்துக்கு 1874இல் இரயில் வந்தது. பாதை 1885இல் நானு ஓயாவை எட்டுவதற்கு முன் சுமார் பத்தாண்டுகள் அதுவே மலைப்பாதையின் கடைசி நிலையம். டொலஸ்பாகை, கொத்மலை, அம்பகமுவைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும் ஆளும் அரிசியும் அங்கே இறங்கின. கோப்பி அங்கிருந்து கொழும்புக்கு ஏறியது. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலை வந்த பிறகும் ஊர் வளர்ந்தது. கடைவீதியோடு சைவக் கோயில், பள்ளிவாசல், விகாரை, கிறிஸ்தவ ஆலயங்கள் எல்லாம் எழுந்தன. பின்னாளில் கதிரேசன் கல்லூரி சைவத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் புனித மரியாள் கல்லூரி கத்தோலிக்கருக்கும் பெயர் சொல்லும் நிலையங்களாயின. 1948இல் நா. முத்தையா தொடங்கிய ஆத்மஜோதி என்ற ஆன்மிக மாத இதழ் வெளிவந்ததும் இதே ஊரிலிருந்துதான். கடவுளைப் பற்றிப் பேசுவது இங்கே யாருக்கும் விசித்திரமாக இல்லை. வேதக்காரரை விசித்திரமாகக் காட்டியது அவர்கள் எதிலிருந்து விலகி நின்றார்கள் என்பதே.

தோட்டத்தில் வேதத்துக்கு வருவது தனிமனிதனின் மனமாற்றத்தோடு நிற்கவில்லை. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் லயத்து வாழ்வின் மூச்சு. அவற்றுக்கு வரி கொடுக்காதவர் ஊரைவிட்டு விலகியவராக எண்ணப்பட்டார். பெரியகங்காணியே பல இடங்களில் கோயிலுக்கும் தலைவர். கூலி கொடுப்பவர், கடன் கொடுப்பவர், வேறு தோட்டத்துக்குப் போகத் துண்டு எழுதிக்கொடுப்பவர் எல்லாம் அவரே. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை அவர் மனம் கோணினால் பிழைப்பு நடக்காது. இத்தகைய இடத்தில் தப்பும் பறையும் ஒலிக்கும் இரவில் வீட்டுக்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்த குடும்பத்தை அயல் காம்பறாக்காரர் கேலி செய்ததில் வியப்பில்லை. கிறிஸ்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதும் கேலிக்குக் கூர்மை கொடுத்தது. சபைக்குள்ளும் சாதி புகுந்து உட்கார்ந்த இடங்கள் உண்டு. வெளியே வாங்கிய ஏளனத்தைவிட அது அதிகம் வலித்திருக்கும்.

கத்தோலிக்கர் பக்கத்தில் 1845 முதல் சில்வெஸ்திரிய பெனடிக்டியர் மலைநாட்டில் பணியாற்றினார்கள். கண்டி 1886இல் மறைமாவட்டமானது. கோயிலும் பள்ளியும் பெருகின. 1960இன் சட்டத்தால் மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. அதற்கு முன்பே, 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. சைவக் குடும்பங்களைப் போலவே வேதக்காரக் குடும்பங்களும் பிளந்து, ஒரு பாதி கப்பலேறியது.

இந்த இழப்பின் நடுவே 1972இல் கண்டியில் நிகழ்ந்த இரண்டு முடிவுகள் அக்காலத்துச் சபையாருக்கே விளங்காதவை. 1959 முதல் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, புதிதாகப் பிரிக்கப்பட்ட பதுளை மறைமாவட்டத்தைத் தாமே கேட்டு ஏற்றார். பெரிய கோயிலும் புகழ்பெற்ற பள்ளிகளும் உள்ள பழைய ஆசனத்தை விட்டுவிட்டு, வறுமையும் தூரமுமான ஊவா மாகாணத்துக்குப் போனார். அதே ஆண்டு, போல் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைக் குரு கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், கிறிஸ்தவரும் மற்றச் சமயத்தாரும் சேர்ந்து வாழ்ந்து, தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து எழுதும் இடமாக அது அமைந்தது. 1974இல் தோட்டப் பகுதிகளில் பணிபுரியும் அமைப்புகளை இணைக்கும் செயலகமும், 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கமும் அவருடைய பங்கோடு உருவாயின.

மொழியும் இனமும் அரசியலின் அச்சாணியாகிவிட்ட நாட்டில், சிங்களப் பெரும்பான்மை நகரான கண்டியில் இருந்துகொண்டு லயத்துத் தமிழரின் குடியுரிமையையும் கூலியையும் பேசியவரைத் தேசத்துரோகி என்றார்கள். குரு ஏன் அரசியலில் இறங்குகிறார் என்று பக்தர்களும் கேட்டார்கள். 1977இலும் 1983இலும் மலைநாட்டில் கடைகளும் லயங்களும் எரிந்தபோது, இரு பக்கத்தாரும் ஒரே கூரையின் கீழ் வாழலாம் என்ற நம்பிக்கை பலருக்குக் கனவாகவே தோன்றியது. கஸ்பர்ஸ் அதை விடவில்லை. 2017இல் இறக்கும்வரை கண்டியே அவருடைய களமாக இருந்தது.

யோசப் வாஸை 1995 ஜனவரி 21ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் இரண்டாம் யோவான் பவுல் அருளாளர் என்றும், 2015 ஜனவரி 14ஆம் நாள் அதே இடத்தில் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதர் என்றும் அறிவித்தார்கள். ஒற்றன் என்று கண்டியில் அடைக்கப்பட்டவர் இலங்கையின் முதல் புனிதரானார். ஆண்டுதோறும் ஜனவரி 16ஆம் நாள் அவருடைய திருநாள். கல்லறை இல்லாததால், கண்டியில் அந்த நாளை அவர் புதைக்கப்பட்ட இடத்தில் கொண்டாட வழியில்லை.